மைக் அக்காவும் ஓரெழுத்து உத்தரவும்

எங்கள் பேருந்து நிலையத்தில் மைக் அக்காவைப் பார்த்தவர்கள் குறைவு. அவர் பேச்சைக் கேட்காதவர்கள் அதைவிடக் குறைவு. கேட்பது என்றால் காதால் கேட்பது மட்டுமில்லை. "நீலப் பை வச்சிருக்கிறவரே, தூண்ல சாயாதீங்க, பெயின்ட் இன்னும் காயல" என்று ஒலிபெருக்கி சொன்னால், நீலப் பைக்காரர் மட்டுமல்ல, பையே இல்லாதவர்களும் தூணை விட்டு நகர்ந்துவிடுவார்கள். அரசாங்கம் பெரிய எழுத்தில் எழுதிவைத்த எந்தப் பலகைக்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை.

அவருடைய அறை டிக்கெட் கவுன்டருக்கு மேலே, இரும்புப் படியேறினால் வரும் கண்ணாடிக் கூண்டு. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கடகடவென்று ஆடாமலிருக்கத் துண்டால் கட்டிய மின்விசிறி, கழுத்தில் கைக்குட்டை சுற்றிய மைக். முன்பு அங்கே வேலை பார்த்தவருக்குத் தீராத இருமல். அவருடைய இருமல் இன்னும் அந்த மைக்குக்குள் இருப்பதாக அக்காவுக்கு ஒரு சந்தேகம். அதனால் தினமும் துடைப்பார். துடைத்துவிட்டு இரண்டு தட்டு தட்டுவார். 'டொக் டொக்' என்று நிலையம் முழுக்கக் கேட்கும். கீழே ஓட்டுநர்கள் டீயைக் கடைசி மடக்குக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

துறை எழுதிக்கொடுத்த அறிவிப்பு இப்படி முடியும்: "பேருந்து புறப்படத் தயாராக உள்ளது." அக்கா அதோடு நிறுத்துவதில்லை. ஒரு மூச்சு விட்டு, "போயிட்டு வாங்க" என்பார். ஏறியவருக்கும் சேர்த்து, ஏற்றிவிட வந்தவருக்கும் சேர்த்து. புகுந்த வீட்டுக்குக் கிளம்புகிற பெண், நேர்முகத் தேர்வுக்குப் போகிற பையன், கோர்ட்டுக்குப் போகிறவர், கடன்காரனிடமிருந்து தப்பிப் போகிறவர், எல்லாருக்கும் ஒரே குரல். தப்பிப் போகிறவருக்கு 'வாங்க' என்பது கொஞ்சம் உறுத்தியிருக்கலாம்.

'போ' என்று மட்டும் அவர் வாயிலிருந்து வராது. யாரிடமும் வந்ததில்லை. ஏன் என்று கேட்டவர்கள் எல்லாரும் ஒரு சோகக்கதைக்குத் தயாராகக் கைக்குட்டையோடு நின்றார்கள். சின்ன வயசில் யாரையோ கோபத்தில் 'போ' என்று சொல்லி, அவர் போய், திரும்பி வராமலே... "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அம்மா அப்படிப் பேச மாட்டாங்க. நாக்கு பழகிடுச்சு" என்று அக்கா முடித்துவிடுவார். கைக்குட்டைகள் மடித்துப் பைக்குள் போகும்.

இந்த நாக்குப் பழக்கத்தின் நேரடிப் பயனாளி ஒருவர் இருந்தார். அக்காவின் தம்பி. ஒரு வேலைக்கான தேர்வு எழுத இரண்டு சட்டையோடு அக்கா வீட்டுக்கு வந்தவர், முன்னறை சோபாவிலேயே தங்கிவிட்டார். அந்தத் தேர்வை நடத்திய அலுவலகமே வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது, தம்பி மாறவில்லை. சோபாவின் நடுவே அவருடைய உருவத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பக்கத்து வீட்டம்மா கேட்பார்: "ஏங்க, தம்பி எப்பத்தான் கிளம்புவாரு?" அக்கா: "அவனா தோணினா கிளம்புவான். நான் எப்படிப் போன்னு சொல்றது?" தம்பிக்கு எதுவும் தோன்றாத சுபாவம்.

இனி புறாக்கள்.

நிலையத்தின் கூரையில் புறாக்கள் எப்போதும் உண்டு. பயணிகளைப் போலவே வரும், உட்காரும், தூங்கும், இடத்தை அசுத்தப்படுத்தும், டிக்கெட் எடுக்காது. ஒருநாள் ஒரு பெரிய மனிதரின் வெள்ளைச் சட்டையில் ஒரு புறா தன் கருத்தைத் தெரிவித்தது. பொதுமக்கள் தலையில் விழுந்துகொண்டிருந்தவரை அது இயற்கை. அன்றிலிருந்து அது தொல்லை. தொல்லை என்று ஆனதும் அதற்கு ஒரு பிரிவு, பிரிவுக்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு ஒரு ஜீப். அவரை நிலையத்தில் எல்லாரும் 'புறா சார்' என்றார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால். பிறகு அவரே ஃபோனில் "நான்தான், புறா சார்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

புறா சார் கெட்டவர் இல்லை. உழைப்பாளி. அவர் உழைக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு புறாக்கள் வந்திருக்காது என்பது வேறு விஷயம். முதலில் கூரை விளிம்பில் பிளாஸ்டிக் பருந்துகளை நிறுத்தினார். சிறகை விரித்து, கண்ணை உருட்டி, பார்த்தால் நாமே ஓரடி பின்வாங்குவோம். புறாக்களும் பின்வாங்கின. சிறிது நாள் தள்ளி நின்று கவனித்தன. பருந்து சாப்பிடவில்லை, தூங்கவில்லை, இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. தங்களைப் போலவே அரசாங்க இடத்தில் குடியேறிய ஒன்று என்று முடிவு செய்தன. மழைக்காலத்தில் பருந்தின் சிறகுக்கடியில் ஒரு ஜோடி முட்டை வைத்தது. பிறகு ஆணிக் கம்பிகளை அடித்தார்கள். இதுவரை குச்சி வழுக்கி விழுந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது குச்சி நின்றது. கூடு கட்ட அஸ்திவாரம் போட்டுக்கொடுத்த முதல் அரசுப் பிரிவு அதுவாகத்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் புறா சார் எங்கோ ஒரு பயிற்சிக்குப் போய், 'ஒலிவழி விரட்டல்' என்ற சொல்லோடு திரும்பினார். பிரச்சினை, எந்த ஒலி என்பது. நிலையத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது மேலே 'டொக் டொக்' கேட்டது. அறிவிப்பு வந்தது. ஐந்தாம் நடைமேடையில் அடைத்துக்கொண்டு நின்ற அத்தனை கூட்டமும் ஒரே அலையாகப் பேருந்துக்குள் போய், இடம் காலியானது.

புறா சார் இரும்புப் படியில் ஓடினார். "அம்மா, நீங்க ஒரு தடவை பேசினா இவ்வளவு ஜனம் கலையுது. புறா கலையாதா?"

"ஜனங்க ஊருக்குப் போகுது சார். புறா எந்த ஊருக்குப் போகும்?"

"அது அதுங்க பாடு. நீங்க ஒரு வார்த்தை மட்டும் பதிவு பண்ணிக் கொடுங்க. சொல்லப்போனா ஒரு எழுத்துதான். 'போ.' கொஞ்சம் அதட்டலா."

அக்கா மைக்கைத் துடைக்க ஆரம்பித்தார். "அது எப்படி சார் சொல்றது?"

"வாயாலதான்."

"நான் யாரையும் அப்படிச் சொன்னதில்லையே."

"யாரையும் சொல்ல வேணாம். புறாவைச் சொல்லுங்க."

அதற்குள் புறா சார் ஃபோனில் வரவழைத்த ஒலிப்பதிவுக்காரர் வந்து கருவியை விரித்துவிட்டார். அக்கா மூச்சை இழுத்தார். 'போ' வரைக்கும் அதட்டலாகத்தான் வந்தது. ஆனால் நாக்கு அங்கே நிற்கவில்லை. "போ...யிட்டு வாங்க." மறுபடி முயன்றார்கள். மறுபடியும் அதேதான், இந்தத் தடவை கூடுதல் பாசத்தோடு. ஒலிப்பதிவுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புறா சார் சமாதானமானார். "பரவாயில்ல. புறாவுக்கு அர்த்தமா தெரியப்போகுது? குரல்தான் முக்கியம்."

இந்த ஒரு வாக்கியத்தைப் பொன்னெழுத்தில் பொறித்து அவருடைய பிரிவின் வாசலில் மாட்டலாம். ஏனென்றால், நிலையத்தில் அந்த வார்த்தையின் அர்த்தம் மிகச் சரியாகத் தெரிந்தவை புறாக்கள்தான். 'போயிட்டு வாங்க' என்றால், பேருந்து கிளம்பப் போகிறது. பேருந்து கிளம்பினால் நடைமேடை காலி. நடைமேடையில் கேன்டீன் பன்னின் தூள், கடலை, குழந்தை கைதவறவிட்ட பிஸ்கட், அவசரத்தில் பாதி தின்று போட்ட வாழைப்பழம். தலைமுறை தலைமுறையாக அவை கேட்டு வளர்ந்த சாப்பாட்டு மணி அது. அதைத்தான் புறா சார் பதிவு செய்து, நிலையத்தின் நாலு மூலையிலும் புதிய ஒலிபெருக்கி கட்டி, நாள் முழுக்க ஒலிக்கவிட்டார்.

முதல் நாள் எங்கள் புறாக்கள் எல்லாம் இறங்கின. அடுத்தடுத்த நாட்களில் காய்கறிச் சந்தைப் புறாக்கள், நூலகப் புறாக்கள், நீதிமன்றத்தில் வாய்தா வாய்தாவாக உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் உறவு முறையில் விருந்துக்கு வந்தன. இவ்வளவு அன்பாக யாராவது கூப்பிட்டால் நாமும்தான் போவோம். பயணிகள் வெயில் இல்லாத நாளிலும் குடையோடு வந்தார்கள். கேன்டீன்காரர் பன்னுக்கு மேல் கண்ணாடி மூடி போட்டுவிட்டு, புறா சாரைப் பார்க்கும்போதெல்லாம், "சார், மத்தியான சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்குக் கூப்பிடப் போறீங்க? சொன்னீங்கன்னா கடையைச் சாத்திட்டுப் போயிடுவேன்" என்று மரியாதையாகக் கேட்டார்.

ஒரு திட்டம் தோற்றால் திட்டத்தை யாரும் இடமாற்றம் செய்ய முடியாது. ஆளைத்தான் செய்ய முடியும். விரட்டச் சொன்ன பறவைகளை அழைத்துவிட்டார் என்று மேலிடம் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தது. நிலைய மேலாளர், பாவம், அக்காவின் குரலைக் கேட்டே வேலைக்கு வந்து அக்காவின் குரலைக் கேட்டே வீட்டுக்குப் போகிறவர். அவர்தான் படியேறி வந்து முடிவைச் சொன்னார்.

"அக்கா, நாளைக்குக் காலையில துறை இயக்குநரே வர்றாரு. அவர் முன்னாடி, நேரடியா மைக்ல, ஒரே ஒரு தடவை 'போ'ன்னு சொல்லணும். சொல்லி, புறா போகுதா இல்லையான்னு பாக்கணுமாம்."

"சொல்லலைன்னா?"

மேலாளர் மின்விசிறித் துண்டின் முடிச்சைச் சரிசெய்தார். "மிஷின் குரல் போடப்போறாங்க. உங்களை லக்கேஜ் அறைக்கு."

லக்கேஜ் அறை நிலையத்தின் பின்பக்கம். அங்கே பேசுவதற்கு யாரும் இல்லை, பெட்டிகள்தான். அக்கா மைக்கைப் பார்த்தார். அதை வீட்டில் இருக்கிற எந்த உறவைவிடவும் அதிக நேரம் அவர் கையில் பிடித்திருக்கிறார். அன்று அதைத் துடைக்கவில்லை.

வீட்டில் தம்பி சோபாப் பள்ளத்தில் இருந்தபடியே முழுக் கதையையும் கேட்டார்.

"ஒரு எழுத்துதானே அக்கா. சொல்லித் தொலைச்சிட்டு வேலையைக் காப்பாத்திக்க."

"வரமாட்டேங்குதுடா."

"பழகினா வரும். இப்பவே பழகு. என்னைப் புறான்னு நெனச்சுக்க. எங்க, என்னைப் பாத்து சொல்லு."

இந்த யோசனையில் இருந்த ஆபத்து தம்பிக்கு மட்டும்தான் தெரியவில்லை. அக்கா எதிரில் வந்து நின்றார். தம்பியைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்கான காரணங்கள் அந்தப் பள்ளத்தில் இருந்தன. மூச்சை இழுத்தார்.

"போ..."

"ம், வந்துருச்சே. நிறுத்து. அங்கயே நிறுத்து."

"போ...ர்வையை மடிச்சு வை. காலையிலேர்ந்து அப்படியே கிடக்கு."

தம்பி போர்வையை மடித்தார். அவ்வளவு தூரம்தான் அந்த வீட்டில் அதட்டல் போகும்.

மறுநாள் இயக்குநர் வந்தார், வெளிர் நிறச் சட்டையில். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை போலும். புறா சார் குடை பிடித்தார். நடைமேடையில் வழக்கமான காலைக் கூட்டம். நாற்பத்தேழாம் எண் பேருந்து எஞ்சினை ஓடவிட்டபடி நின்றது. அதன் ஓட்டுநரை எல்லாரும் 'நாற்பத்தேழு' என்றே கூப்பிடுவார்கள். நீளமான மலைப்பாதையில் ஓட்டுகிறவர், வழியில் வருகிற எதற்கும் பயப்படாதவர் என்று பெயர். அக்கா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கத் தம்பியும் வந்திருந்தார். வீட்டை விட்டு அவர் வெளியே வந்த அரிய நாட்களில் அது ஒன்று.

கண்ணாடிக் கூண்டில் அக்கா எழுந்து நின்றார். உட்கார்ந்து சொல்ல முடியாது என்று தோன்றியிருக்க வேண்டும். 'டொக் டொக்.' புறாக்கள் கழுத்தைத் திருப்பின.

"நாற்பத்தேழாம் எண் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது."

ஒரு மூச்சு. பிறகு, நிலையம் அதுவரை கேட்டிராத ஒரு குரலில்:

"போ."

ஒரு புறாகூட அசையவில்லை. அவற்றுக்கு அந்தச் சொல் தெரியாது. ஏதோ பாதியில் நின்றுவிட்டது, மீதி வரும் என்று காத்திருந்தன.

மனிதர்கள்தான் அசைந்தார்கள். முன் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் படிக்கட்டில் வைத்த காலைக் கீழே எடுத்துவிட்டார். உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நாற்பத்தேழு சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. பக்கத்து நடைமேடை எஞ்சினும் நின்றது. அதற்கடுத்ததும்.

மேலாளர் ஓடினார். "என்னப்பா, எடு வண்டியை."

"எப்படி எடுக்கறது? போன்னு சொல்லிட்டாங்க."

"அது புறாவைச் சொன்னது."

"சொன்னது என் வண்டி நம்பரைச் சொல்லிட்டு. மலையில அத்தனை வளைவு இருக்கு சார். போன்னு அனுப்புன வண்டியை நான் எடுக்கமாட்டேன். போயிட்டு வான்னு சொல்லச் சொல்லுங்க, இப்பவே எடுக்கறேன்."

புறா சார் முன்னால் வந்தார். "இதெல்லாம் மூடநம்பிக்கை. ஒரு சத்தத்துக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல சார்" என்றார் நாற்பத்தேழு, மிகவும் பணிவாக. "அப்ப நீங்க ஏறி முன் சீட்ல உக்காருங்க. எடுக்கறேன்."

புறா சார் படிக்கட்டைப் பார்த்தார். பெரியவர் அவரைப் பார்த்தார். குழந்தையோடு நின்ற பெண்ணும் பார்த்தார். தனக்கு அலுவலகத்தில் ஒரு கூட்டம் இருப்பது புறா சாருக்கு அப்போது ஞாபகம் வந்தது.

நிலையத்துக்குள் பேருந்துகள் நிரம்பி, வெளியே சாலை நிரம்பி, சாலையைத் தாண்டியும் ஹாரன் கேட்டது. உள்ளே வரும் வண்டிக்கு இடமில்லை. வெளியே போகும் வண்டிக்கு மனமில்லை. கடைசியில் இயக்குநர் குடைக்கு வெளியே வந்து, கண்ணாடிக் கூண்டை நிமிர்ந்து பார்த்து, கைகளால் ஏதோ ஜாடை காட்டினார். அதற்கு அர்த்தம் என்ன என்று இன்றுவரை விவாதம் இருக்கிறது. 'சீக்கிரம்' என்று நான் நினைக்கிறேன். 'தயவுசெய்து' என்கிறார் கேன்டீன்காரர்.

அக்கா மைக்கை அருகே இழுத்தார். மைக்கின் கைக்குட்டையை அவிழ்த்துத் துடைத்தார். திரும்பக் கட்டினார். தட்டவில்லை.

"கோச்சுக்காதீங்க எல்லாரும். வாய் தவறிடுச்சு" என்றார். வாய் தவறவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். "போயிட்டு வாங்க."

எல்லா எஞ்சின்களும் ஒன்றாகக் கிளம்பின. பெரியவர் ஏறினார். கூரையிலிருந்து, பருந்தின் சிறகுக்கடியிலிருந்து, ஆணிக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து, நாலு பக்கமும் புறாக்கள் இறங்கின. இயக்குநர் இன்னும் குடைக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டைக்கு என்ன ஆயிற்று என்பதை எழுதத் தேவையில்லை.

அன்று மாலையே நாலு மூலை ஒலிபெருக்கிகளும் இறங்கின. மிஷின் குரலைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. ஓட்டுநர்கள் பேசவிடவில்லை என்பதுதான் சரி. லக்கேஜ் அறையில் ஒலிபெருக்கிகள் போய் உட்கார்ந்தன. விருந்துக்கு வந்த புறாக்கள் மெல்லக் கலைந்தன. நிலையத்துப் புறாக்கள் பழையபடி இருந்தன. அதிகாரத்துக்கு எதிராக நின்றவர் என்று அக்காவை யாராவது புகழ்ந்தால் அவருக்குப் புரிவதில்லை. "நான்தான் சொல்லிட்டேனே" என்பார். அது அவருக்கு இன்னும் குறைதான். கூண்டில் இருந்து, முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு நல்ல வார்த்தை சொல்லியே வாழ்ந்த ஒருவர், ஒரே ஒரு தடவை வேலைக்காகச் சொல் மாற்றியதைத் தன் கணக்கில் இன்னும் எழுதிவைத்திருக்கிறார். நமக்கெல்லாம் நாக்கில் எத்தனை 'போ' தினமும் வழுக்கி விழுகிறது.

அந்த ஒரு 'போ' வீணாகவும் போகவில்லை. அன்று அக்கா வீடு திரும்பியபோது போர்வை மடித்து வைத்திருந்தது. வாசலில் பை.

"என்னடா இது?"

"நான் கீழதான் நின்னுட்டு இருந்தேன், டப்பாவோட. கேட்டுச்சு."

"உன்னையாடா சொன்னேன்? புறாவைச் சொன்னேன்."

"தெரியும். ஆனா எல்லாரும் நகர்ந்தாங்க. புறாவும் நானும்தான் அசையாம நின்னோம்." தம்பி பையின் வாரைச் சரிசெய்தார். "அதான் யோசனையா போச்சு. நண்பன் ஒருத்தன் அச்சகத்துல ஆள் வேணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கான். ரூமும் இருக்கு."

அக்கா சோபாப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எழுந்து, சாப்பிடாமல் எங்கே கிளம்புகிறாய் என்று திட்டி, சாப்பாடு போட்டு, வாசல்வரை வந்து வழக்கமான வார்த்தையைச் சொல்லி அனுப்பினார். அவ்வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத் தம்பி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து, பள்ளம் நிரம்பாதபடி பார்த்துக்கொள்கிறார்.

புறா சாருக்கு மாற்றல் வந்தது. எலிகள் பிரிவு என்று கேள்வி. எலிகளுக்கு நல்ல காலம். கிளம்புகிற அன்று அவர் இரும்புப் படியேறி வந்தார். அவருக்கும் அக்காவுக்கும் இடையில் பகை எதுவும் இருந்ததில்லை.

"அப்ப நான் போறேன்மா."

அக்கா நாற்காலியிலிருந்தே திரும்பினார். "வரேன்னு சொல்லுங்க சார்."

"எதுக்குமா? நான் திரும்பி வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"அது அப்புறம் பாத்துக்கலாம். சொல்லுங்க."

புறா சார் கொஞ்சம் தயங்கினார். "போயிட்டு வரேன்" என்றார். ஜீப்பைப் பிரிவு திரும்ப எடுத்துக்கொண்டதால் கீழே போய் நாற்பத்தேழில் ஏறினார். காலியாக இருந்தது முன் சீட் மட்டும்தான்.

அன்று அறிவிப்பு கொஞ்சம் தாமதமானது. அக்கா மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கூரை விளிம்பில் புறாக்கள் வரிசையாகக் கழுத்தை நீட்டி ஒலிபெருக்கியைப் பார்த்தன. ஜன்னல் வழியே புறா சாரும் கழுத்தை நீட்டியிருந்தார்.